ஆக்டிவ் டைரக்டரி வேலைக்கு பவர்ஷெல்லா, மவுஸா?

அம்பத்தூர் அட்மின்
அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி. எல்லாமே விண்டோஸ் டொமைன்; பணியாளர் கணக்குகள் எல்லாம் ஆக்டிவ் டைரக்டரி என்ற ஒரே இடத்தில் இருக்கின்றன. வேலையை விட்டுப் போகிறவர்களின் கணக்கை முடக்குவது, புதிதாகச் சேர்கிறவர்களுக்குத் திறப்பது எல்லாம் இனி பவர்ஷெல் ஸ்கிரிப்டில்தான் (கட்டளைகளை எழுதி வைத்து ஓட்டுகிற ஃபைல்) நடக்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஹெல்ப்டெஸ்க் பசங்க கறுப்புத் திரையைப் பார்த்தாலே மிரள்கிறார்கள். ரைட் கிளிக்கில் முடிகிற வேலைக்கு இதெல்லாம் தேவையா?

பழைய மவுஸ்
தேவையே இல்லை தம்பி. மவுஸால் கிளிக் செய்கிற ஜன்னலில் கை தவறினால் ஒருத்தர் கணக்கு போகும், ஒரு போனில் சரி செய்துவிடலாம். ஸ்கிரிப்டில், யார் யார் என்று பிரிக்கிற ஃபில்டர் தவறினால் திங்கட்கிழமை காலையில் ஆபீஸில் ஒருத்தருக்கும் லாகின் ஆகாது. இன்னொன்று, ஸ்கிரிப்ட் எழுதின பையன் பெங்களூருக்கு வேலை மாறிப் போய்விடுவான். அதற்கப்புறம் அந்த ஃபைலைத் தொட யாருக்கும் தைரியம் வராது, அழிக்கவும் மனசு வராது.

ஓஎம்ஆர் ராக்கோழி
மவுஸ் சார், சென்னையில் இருக்கிற கம்பெனியில் எத்தனை கார்த்திக், எத்தனை பிரியா இருப்பார்கள்? ஜன்னலில் தேடினால் ஆறேழு வரி வந்து நிற்கும், இனிஷியல் மட்டும்தான் வேறு. சாயங்காலம் ஆறு மணிக்கு டிக்கெட்டை மூடும் அவசரத்தில் எஸ். கார்த்திக்குக்குப் பதில் கே. கார்த்திக்கை முடக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஸ்கிரிப்ட் பெயரைக் கேட்காது, பணியாளர் எண்ணைக் கேட்கும். சந்தேகம் இருந்தால் கட்டளைக்குப் பின்னால் -வாட்இஃப் என்று போடுங்கள். எதையும் தொடாமல், யார் யாரை முடக்கப் போகிறது என்று மட்டும் சொல்லும். உங்கள் ஜன்னலில் அப்படி ஒரு ஒத்திகை உண்டா?

பழைய மவுஸ்
அந்த ஒத்திகையை நம்பித்தான் பலர் மாட்டுகிறார்கள். கணக்கை முடக்க மைக்ரோசாஃப்ட் கொடுத்த டிசேபிள்-ஏடிஅக்கவுன்ட் மாதிரி கட்டளைகளில் -வாட்இஃப் ஒழுங்காக வேலை செய்யும். உங்கள் பசங்க சொந்தமாக எழுதுகிற ஃபங்ஷனில், அதாவது அவர்களே செய்த கட்டளையில்? மேலே, அதை முழுக் கட்டளை போல நடக்க வைக்கிற சிஎம்டிலெட்பைண்டிங் வரி இல்லாத சாதாரண ஃபங்ஷனுக்கு -வாட்இஃப் கொடுத்துப் பாருங்கள். பிழை என்றுகூடச் சொல்லாது. அதை ஏதோ ஒரு உதிரி வார்த்தையாக உள்ளே வாங்கிப் போட்டுக்கொண்டு நிஜமாகவே வேலையை முடித்துவிடும்.

ஓஎம்ஆர் ராக்கோழி
உண்மைதான், அதை மறுக்கவில்லை. மேலே அந்த வரியும், அதில் -வாட்இஃப்பை ஏற்க வைக்கிற சப்போர்ட்ஸ்ஷுட்பிராசஸும் இல்லாத ஸ்கிரிப்டை சர்வரில் வைக்க விடாதீர்கள், அவ்வளவுதான்.

பாஷ் ஆசாமி
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பைப் வைத்து, ஒன்றின் விடையை அடுத்ததற்குக் கொடுத்துக் கட்டளைகளைக் கோக்கிற வித்தை யூனிக்ஸில் 1970களிலேயே வந்தாயிற்று. லினக்ஸில் நாங்கள் கட்டளை அடிக்கிற பாஷ் வந்தது 1989-ல். 2006-ல் வந்த பவர்ஷெல்லுக்கு ஏன் இத்தனை ஆரவாரம்? ஒரு கட்டளையை அடித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது.

ஓஎம்ஆர் ராக்கோழி
வாங்க, உங்களைத்தான் காணோம் என்று பார்த்தேன். பாஷ் பைப்பில் போவது வெறும் எழுத்து. எட்டாவது நெடுவரிசையை ஆக் என்ற கருவி வைத்து வெட்டுவீர்கள். அடுத்த அப்டேட்டில் நடுவே ஒரு நெடுவரிசை கூடினால் தப்பானதை வெட்டிக்கொண்டே இருப்பீர்கள். பவர்ஷெல் பைப்பில் போவது ஆப்ஜெக்ட், அதாவது தகவல் அதன் வகையோடு. கடைசியாக லாகின் ஆன தேதி தேதியாகவே போய்ச் சேரும், அப்படியே ஒப்பிடலாம். பவர்ஷெல்லை உருவாக்கிய ஜெஃப்ரி ஸ்னோவர் 2002-ல் எழுதிய திட்டக் குறிப்பிலேயே இதுதான் சாரம். 2016-லிருந்து லினக்ஸிலும் ஓடுகிறது, உங்கள் மெஷினிலேயே போட்டுப் பாருங்கள்.

பாஷ் ஆசாமி
போட்டேன், எடுத்தும் விட்டேன். ஆனால் மவுஸ் அண்ணன் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2015-ல் லினக்ஸில் ஸ்டீம் என்ற கேம் மென்பொருளில் ஒரு வேரியபிள் (மதிப்பை வைத்திருக்கும் பெயர்) காலியாகப் போய், அழிக்கிற ஆர்எம் கட்டளை வீட்டு ஃபைல்களையெல்லாம் துடைத்ததே, நினைவிருக்கிறதா? பவர்ஷெல்லிலும் ஃபோல்டர் வேரியபிள் காலி என்றால், அழிக்கிற ரிமூவ்-ஐட்டம் கட்டளை, நாம் இருக்கிற டிரைவின் தலையிலிருந்து ஆரம்பித்துவிடும். இப்படிப்பட்ட தவறைப் பிடிக்க ஸ்ட்ரிக்ட்மோட் இருக்கிறது என்று ஓடி வராதீர்கள். மதிப்பே கொடுக்காத வேரியபிளைத்தான் அது பிடிக்கும், காலி மதிப்பு கொடுத்ததைப் பிடிக்காது.

தாம்பரம் ஃபாஸ்ட்
உங்கள் யுத்தம் நடக்கட்டும். நான் வேலை பார்ப்பது ஒரு கல்லூரியில். மாணவர் பெயர்களைத் தமிழில் வைத்திருக்கிறோம். விண்டோஸோடு வருகிற பவர்ஷெல் 5.1-ல், பட்டியலை ஃபைலாக எழுதுகிற எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி கொடுத்தால் "முத்துலட்சுமி" இருந்த இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறி. காரணம், அந்தப் பதிப்பு சும்மா விட்டால், தமிழ் எழுத்துக்கு இடமில்லாத ஆஸ்கியில்தான் எழுதும். என்கோடிங் யுடிஎஃப்8 (எல்லா மொழி எழுத்தும் அடங்கும்) என்று சேர்த்தால் பெயர் பெயராக வரும். பவர்ஷெல் 7-ல் இந்தத் தலைவலி இல்லை, ஆனால் எக்ஸெல்லில் திறப்பதாக இருந்தால் ஃபைலின் தலையில் அடையாளம் வைக்கிற யுடிஎஃப்8பிஓஎம் என்று கேட்டு வாங்க வேண்டும். இரண்டு பதிப்பும் ஒரே மெஷினில் இருக்கும்போது எதில் ஓட்டினோம் என்பதே பாதிப் பிரச்சினை.

ஆனாலும் என் ஓட்டு ராக்கோழிக்குத்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணையில் வீட்டுக்குள் தண்ணீர். மொட்டை மாடியில் போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி உட்கார்ந்திருந்தேன். ரிமோட் டெஸ்க்டாப் திறந்தால் படம் பட்டை பட்டையாக உறைந்து நிற்கும். மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி எப்போது வந்து சேருமோ! விபிஎன் வழியாக, தூரத்து சர்வரில் கட்டளை அடிக்க விடுகிற என்டர்-பிஎஸ்செஷன் போட்டு எழுத்தாகவே வேலை பார்த்தேன். சர்வர்களை ஒவ்வொன்றாக ஒழுங்காக நிறுத்த முடிந்தது. யுபிஎஸ் தீருவதற்குள் மவுஸால் அதைச் செய்திருக்க முடியாது.

பழைய மவுஸ்
புயல் தினமும் வருவதில்லையே! சரி, அது செல்லும்.

அம்பத்தூர் அட்மின்
இவ்வளவும் படித்தபிறகு எனக்குத் தோன்றுவது, முதலில் எதையும் மாற்றாத ஸ்கிரிப்டாகக் கொடுக்கலாம். ரொம்ப நாளாக லாகின் ஆகாத கணக்குகளை சர்ச்-ஏடிஅக்கவுன்ட் வைத்துப் பட்டியல் எடுக்கட்டும். முடக்குவதைக் கொஞ்ச காலம் ஜன்னலிலேயே செய்யட்டும். லாகின் ஆகாத நாள் 15 என்று வைத்தால் சரியாக இருக்குமா?

பழைய மவுஸ்
15 வேண்டாம். அந்தக் கட்டளை பார்க்கும் லாகின் தேதி ஒவ்வொரு லாகினுக்கும் புதுப்பிக்கப்படாது, 14 நாள் வரை பின்தங்கி இருக்கும். நேற்று வேலை செய்தவரும் பட்டியலில் வந்துவிடலாம். 90 வையுங்கள். ஸ்டார்ட்-டிரான்ஸ்கிரிப்ட் போட்டு, யார் எப்போது ஓட்டினார்கள் என்ற பதிவை ஹெல்ப்டெஸ்க் பசங்க கை எட்டாத ஃபோல்டரில் சேர்க்கச் சொல்லுங்கள். பட்டியலை எச்.ஆர்-க்கு அனுப்பிக் கையெழுத்து வாங்காமல் எவனும் எதையும் முடக்கக் கூடாது. பிரசவ விடுப்பில் இருப்பவர்கள் அதில் கட்டாயம் வருவார்கள்.