மறு: கிறிஸ்தவ ஹார்ட்கோர் குழு: பொற்குடமா, பால்குடமா?

அனைவருக்கும் வணக்கம். ஹார்ட்கோர் என்பது வேகமும் முரட்டுத்தனமும் மிக்க பங்க் ராக் இசைவகை. கனடாவின் கம்பேக் கிட் என்ற ஹார்ட்கோர் குழுவைப் பற்றிய நம் பதிவில் அதைத் தமிழில் எப்படிக் குறிப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது. நீங்கள் எழுதியவற்றை ஆங்காங்கே மேற்கோளாகத் தருகிறேன்.

> ‘கிறிஸ்தவ வன்கரு இசைக்குழு’ என்று போட்டுவிட்டால் போதுமே. கம்பேக் கிட் பதிவுக்கும் அதுவே பொருந்தும்.

ஐயா, இந்தத் தொடரில் எனக்கு இரண்டு சிக்கல்கள் தெரிகின்றன. ‘வன்கரு’ சின்னது, ‘கிறிஸ்தவ’ பெரியது. சின்னதை முதலில் முடித்துவிடுகிறேன்.

ஹார்ட்கோர் என்ற சொல்லை இரண்டாக உடைத்து, ஒரு பாதிக்கு ‘வன்’, மறுபாதிக்குக் ‘கரு’ என்று வைத்திருக்கிறீர்கள். அந்த இசைக்காரர்கள் மனத்தில் இருந்தது கரு அல்ல, விட்டுக்கொடுக்காத தன்மை. நம் பிள்ளைகள் ‘முரட்டு ரசிகன்’ என்கிறார்களே, அந்த ‘முரட்டு’ இதற்கு மிக அருகில் வருகிறது. ஆனாலும் அதைத் தலைச்சொல்லாக வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. 1981ல் கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த டி.ஓ.ஏ. குழு தன் இசைத்தட்டுக்கு ‘ஹார்ட்கோர் 81’ என்று பெயர் வைத்தது. இந்தப் பெயர் பரவியதில் அந்தத் தட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்புறம் அது ஓர் இசைவகையின் பெயராகவே நின்றுவிட்டது. ராக், ஜாஸ் இரண்டையும் நாம் பெயர்க்காமல் வைத்திருப்பதுபோல இதையும் வைக்கலாம். விளக்க வரியில் ‘முரட்டு’ வரட்டும். தலைச்சொல் ‘ஹார்ட்கோர் பங்க் இசை’. ‘இசை’ கட்டாயம் வேண்டும். வெறும் ‘பங்க்’ என்றால் படிப்பவருக்கு முதலில் பெட்ரோல் பங்க்தான் நினைவுக்கு வரும்.

சரி, பெரிய சிக்கலுக்கு வருகிறேன்.

கம்பேக் கிட் மானிட்டோபா மாகாணத்தின் வின்னிபெக் நகரத்துக் குழு. அதற்கு முன்பே அதே ஊரில் ஃபிகர் ஃபோர் என்று ஒரு குழு இருந்தது. அதில் ஆண்ட்ரூ நியூஃபெல்ட் பாடினார், ஜெரமி ஹீபர்ட் கிட்டார் வாசித்தார். ஃபிகர் ஃபோர் தன்னை வெளிப்படையாகவே கிறிஸ்தவக் குழு என்று சொல்லிக்கொண்டது. அதன் பாட்டே விசுவாசத்தைப் பற்றியது. பிறகு இதே இருவரும் ஸ்காட் வேடைப் பாடகராக வைத்துக்கொண்டு, பக்கத்து வேலையாகத் தொடங்கியதுதான் கம்பேக் கிட். இதில் நியூஃபெல்ட் கிட்டாருக்குப் போனார். உறுப்பினர்களில் சிலர் கிறிஸ்தவர்கள். ஆனால் குழு தன்னைக் கிறிஸ்தவக் குழு என்று சொல்லிக்கொள்ளவில்லை. பாட்டுகளில் நட்பு, முறிந்த உறவு, தோல்வி, மறுபடி எழுவது இவைதான் வருகின்றன.

ஊர் ஒன்று, ஆட்களில் இருவர் ஒன்று, இசையும் ஏறக்குறைய ஒன்று. இரண்டுக்கும் ‘கிறிஸ்தவ இசைக்குழு’ என்ற ஒரே பெயரைப் போட்டால், அவர்கள் யோசித்து வைத்த வேறுபாட்டை நாம் அழித்துவிடுகிறோம்.

தொகைநிலைத் தொடர் (உருபு மறைந்து நிற்கும் சொற்றொடர்) பற்றி இந்தக் குழுமத்தில் விரிவாக எழுதியவர் நீங்கள்தான். அதையே இங்கே பொருத்திப் பாருங்கள். பொற்குடம் என்றால் பொன்னால் ஆகிய குடம். பால்குடம் என்றால் பாலை உடைய குடம். பொற்குடத்தில் பொன்னை எடுத்துவிட்டால் குடமே இல்லை. பால்குடம் பித்தளையாக இருக்கலாம், மண்ணாக இருக்கலாம், பாலைக் கொட்டிவிட்டாலும் குடம் நிற்கும். ‘கிறிஸ்தவக் குழு’ என்ற தொகையை விரித்தால் இந்த இரண்டு பொருளும் வந்து நிற்கின்றன. ஃபிகர் ஃபோர் பொற்குடம். கம்பேக் கிட் பால்குடம்.

> பாடுகிறவர் நம்பிக்கை பாட்டில் கொஞ்சமாவது கசியாதா? ‘கிறிஸ்தவச் சார்புக் குழு’ என்று சொல்லலாமே.

தோழி, கசியலாம். அதைக் கேட்டுச் சொல்ல வேண்டியது விமர்சகர். கலைச்சொல்லே முன்கூட்டித் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. 2005ல் வந்த கம்பேக் கிட்டின் இரண்டாவது பாடல் தொகுப்பின் பெயர் ‘வேக் தி டெட்’, அதாவது செத்தவர்களை எழுப்பு. தலைப்பில் ‘கிறிஸ்தவச் சார்பு’ என்று ஒட்டிவிட்டால், படிப்பவர் உடனே இயேசு உயிரோடு எழுப்பிய லாசருவை நினைப்பார். பாட்டைக் கேட்கும் முன்பே பொருள் முடிவாகிவிடும். மேலும் ‘சார்பு’ என்பது ஒரு பக்கம் சாய்வது. குழு எந்தப் பக்கமும் சாய்வதாகச் சொல்லவில்லையே.

அவர்களுடைய பயணமும் இதையே காட்டுகிறது. முதல் தொகுப்பு ‘டர்ன் இட் அரவுண்ட்’ 2003ல் ஃபேஸ்டவுன் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தில் வந்தது. அது கிறிஸ்தவர்கள் நடத்தும் கலிபோர்னிய நிறுவனம். அடுத்ததற்குச் சிகாகோவின் விக்டரிக்குப் போனார்கள். அது சமய அடையாளம் இல்லாத நிறுவனம். ‘வேக் தி டெட்’டைத் தயாரித்த பில் ஸ்டீவன்சன், 1980களில் பிளாக் ஃபிளாக் என்ற முன்னோடி ஹார்ட்கோர் குழுவுக்கு டிரம்ஸ் வாசித்தவர். ஹார்ட்கோரின் மூத்த தலைமுறையே இவர்களைத் தன் வரிசையில் சேர்த்துக்கொண்டதாக நான் இதைப் பார்க்கிறேன். 2006ல் வேட் விலகினார். நியூஃபெல்ட் கிட்டாரை விட்டு ஒலிவாங்கியைப் பிடித்தார். ஃபிகர் ஃபோரில் விசுவாசத்தைப் பாடிய அதே தொண்டை இப்போது கம்பேக் கிட்டின் முன்னால் நிற்கிறது, குழுவோ கிறிஸ்தவக் குழுவாக மாறிவிடவில்லை. எனக்கு இதுவே முடிவான சான்று. 2007ல் ‘பிராட்காஸ்டிங்’, 2010, 2014, 2017 என்று தொடர்ந்து, 2022ல் ‘ஹெவி ஸ்டெப்ஸ்’ வரை வந்திருக்கிறார்கள்.

இன்னொருவர் தனிமடலில் ‘கிறிஸ்தவர் குழு’ என்று எழுதியிருந்தார். ஆட்களைச் சொல்லும் ‘ர்’ வந்தது நல்லதுதான். ஆனால் மகளிர் குழு என்றால் எல்லாரும் மகளிர். அந்த வழக்கில் இதுவும் ‘எல்லாரும் கிறிஸ்தவர்’ என்று ஆகிவிடும். சிலர்தான் என்பது தெரிய வேண்டும்.

ஆகவே என் முன்மொழிவு: விசுவாசத்தைப் பாடவே கூடிய குழுவுக்குக் ‘கிறிஸ்தவ இசைக்குழு’. மற்றதற்குக் ‘கிறிஸ்தவர் உள்ள இசைக்குழு’. நீளம்தான், எனக்கும் தெரிகிறது. ஆனால் தொகையை விரித்தே வைத்தால்தான் மயக்கம் தீரும்.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் வேண்டிய அச்சு அல்ல என்பதையும் பாருங்கள். நியூயார்க்கின் குரோ-மேக்ஸ் குழுவில் கிருஷ்ண பக்தர்கள் இருந்தார்கள். 1986ல் வந்த தொகுப்புக்கு ‘தி ஏஜ் ஆஃப் குவாரல்’ என்று பெயர். நம் கலியுகம்தான் அது. இருந்தும் அதைப் பக்திக் குழு என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ரே கப்போ தொடங்கிய ஷெல்டர் கிருஷ்ண பக்தியைப் பாடவே பிறந்த குழு. ‘கிருஷ்ண பக்தர் உள்ள குழு’, ‘கிருஷ்ண பக்திக் குழு’ என்று அதே அச்சில் இரண்டையும் வார்த்துவிடலாம்.

எழுத்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். ‘கிறித்தவ’ அல்ல, ‘கிறிஸ்தவ’ என்றே வைக்க விரும்புகிறேன். தமிழ்க் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் தங்களை அப்படித்தான் எழுதிக்கொள்கிறார்கள்.

இன்னும் ‘பிரேக்டவுன்’ மீதமிருக்கிறது. வேகமாக ஓடும் பாட்டு திடீரென்று பாதி வேகத்துக்கு இறங்கி, அடி ஒவ்வொன்றும் கனமாக விழும் இடம் அது. கூட்டம் காத்திருப்பதே அதற்காகத்தான். ‘முறிவு’ என்றால் வண்டி நின்றுபோனது போலிருக்கிறது. நம் கச்சேரி வழக்கில் ‘கீழ்க்காலம்’ இருக்கிறதே, ‘கீழ்க்கால இறக்கம்’ என்று சொன்னால் பொருந்துமா? மிருதங்கம் வாசிக்கிறவர்கள் இங்கே இரண்டு பேர் இருக்கிறீர்கள். ‘வேக் தி டெட்’டை ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுங்கள்.