அண்ணன் பெயரில் கேட்டரிங் பிள்ளைகளுக்கு உதவித்தொகை: எதற்குக் கொடுப்பது?

நெய்வேலி செல்வி:
வணக்கம். என் அண்ணன் சென்னையில் ஒரு பெரிய ஓட்டல் கிச்சனில் 19 வருஷம் இருந்தார். கமியாக (கிச்சனில் அடிமட்டச் சமையல் ஆள்) சேர்ந்து சூ ஷெஃப் (தலைமை ஷெஃபுக்கு அடுத்தவர்) வரை வந்தவர், போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். அவர் நினைவாக வருஷத்துக்கு ஒரு பிள்ளைக்காவது உதவ வேண்டும் என்று நானும் அண்ணியும் 5 லட்சம் எடுத்து வைத்திருக்கிறோம். ஒரு கல்லூரியில் கேட்டால், முதல் மார்க் வாங்குகிறவருக்கு ஆண்டு விழாவில் பரிசாகக் கொடுக்கலாம் என்கிறார்கள். அண்ணன் ஒருநாளும் முதல் மார்க் வாங்கியதில்லை, கைவேலைதான் அவரைத் தூக்கிவிட்டது. ஓவன் தட்டு சுட்ட தழும்பு முழங்கை வரை கோடு கோடாக இருக்கும், ஒவ்வொன்றையும் காட்டி 'இது பிரெட் பழகிய வருஷம், இது கேரமல்' என்று சொல்வார். வேலை பழகுகிற பிள்ளைக்குத்தான் இந்தப் பணம் போகணும். எதற்குக் கொடுத்தால் நிஜமாகவே உதவும்?

பழைய கமி:
அக்கா, ட்ரெய்னிங் மாதங்களுக்குக் கொடுங்கள். ஓட்டல் படிப்பு பி.எஸ்சி. இரண்டாம் வருஷத்தில் ஒரு செமஸ்டர் முழுக்க ஓட்டலில்தான். கிச்சன், சர்வீஸ், ஃப்ரன்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங் என்று நாலு டிபார்ட்மென்டும் சுற்றி வரணும். டியூட்டியில் சாப்பாடு கிடைத்துவிடும், ஆனால் ரூம் வாடகையும் அட்வான்ஸும் நம் தலையில். ஓட்டல் தருகிற ஸ்டைபண்ட் பல இடத்தில் பஸ்ஸுக்கே சரியாகப் போகும். பிரேக் ஷிஃப்ட் போட்டால் மதியம் மூன்று மணிக்கு விட்டு ஏழு மணிக்குத் திரும்ப வரச் சொல்வார்கள், ரூம் தாம்பரம் பக்கம் இருந்தால் நடுவில் எங்கே போவது? நான் ட்ரெய்னிங் போனபோது சேஃப்டி ஷூ வாங்கக் காசில்லாமல் சாதாரணக் கறுப்பு ஷூவோடு நின்றேன். பாத்திரம் கழுவும் இடத்தில் தரையெல்லாம் எண்ணெயும் தண்ணீரும். கொதிக்கிற ஸ்டாக் (எலும்பு, காய்கறி வேகவைத்த சாறு) பானையோடு வழுக்கி விழுந்து, கால் வெந்து இரண்டு வாரம் படுத்துவிட்டேன். அந்த நாட்களைச் செமஸ்டர் லீவில் போய் ஈடுகட்டினேன். ஒரு ஜோடி ஷூ இருந்திருந்தால் அவ்வளவும் மிச்சம்.

பேக்கரி டீச்சர்:
கமி தம்பி சொல்வதுதான் சரி. கேட்டரிங் கல்லூரியில் கிச்சன் வகுப்பு எடுக்கிறவள் என்ற முறையில் இரண்டு மூன்று விஷயம் சொல்கிறேன். பணம் ட்ரெய்னிங் தொடங்குவதற்கு முன்னாலேயே கையில் கிடைக்கணும். கத்தி செட், இரண்டு செஃப் கோட், ஷூ, ரூம் அட்வான்ஸ் எல்லாம் முதல் நாளுக்கு முந்தின செலவு, ஆண்டு விழாவில் கவர் கொடுத்து என்ன ஆகப்போகிறது? ஆளை எடுக்கும்போது மார்க் லிஸ்டை ஓரமாக வைத்துவிட்டு, கிச்சன் ஆசிரியர்களைக் கேட்டு, அந்தப் பிள்ளையின் பிராக்டிகலை ஒருநாள் நின்று பாருங்கள். வெங்காயம் நறுக்குகிற கையும், வேலை முடிந்ததும் மேடையைத் துடைக்கிற விதமும் போதும். டிகிரி பிள்ளைகள் மட்டும் என்று வைக்காதீர்கள், ஒன்றரை வருஷ ஃபுட் ப்ரொடக்‌ஷன் கிராஃப்ட் கோர்ஸில் இன்னும் ஏழ்மையான வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். தரமணி ஐ.எச்.எம். என்ற ஓட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரியில் ஆதிதிராவிடர், பழங்குடிப் பிள்ளைகளைத் தாட்கோ என்ற அரசு நிறுவனம் தன் செலவில் படிக்க வைக்கிறது, அதனால் ஏற்கெனவே எதற்கெல்லாம் உதவி வருகிறது என்று கேட்டுவிட்டு மீதியை நிரப்புங்கள். 5 லட்சத்துக்கு 7 சதவீதம் வட்டி என்று வைத்தால் வருஷம் 35,000, இரண்டு பேருக்கு ஆளுக்கு 17,500. தனியாக டிரஸ்ட் ஆரம்பித்தால் பதிவு, வருமான வரி விலக்கு, வருஷா வருஷம் கணக்கு வழக்கு என்று அலையணும். இந்தத் தொகைக்குக் கல்லூரியிலேயே வைப்பு நிதியாகப் போட்டு வைப்பது மேல். ஆனால் எதற்கு, எந்த மாதம், யார் தேர்வு செய்வது என்று பத்திரத்தில் எழுதிவிடுங்கள், குழுவில் உங்கள் வீட்டு ஆள் ஒருவர் இருக்கட்டும்.

மாமல்லை மாணவி:
டூரிசம் பிள்ளைகளையும் கொஞ்சம் நினையுங்கள் அக்கா. கைடு வேலை கிளாஸில் உட்கார்ந்தால் வராது. அர்ச்சுனன் தபசு முன்னால் வெயிலில் நின்று முப்பது பேருக்குச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தால்தான் எங்கே தடுமாறுகிறோம் என்று தெரியும். அதற்கு வாரா வாரம் போய் வர பஸ் காசு வேண்டும்.

நெய்வேலி செல்வி:
எல்லோருக்கும் நன்றி. அண்ணியிடம் படித்துக் காட்டினேன், ஷூ விஷயம் கேட்டு அழுதுவிட்டார். உதவி தொடங்குகிற முதல் வருஷத்தில் கிச்சன் பிள்ளைகள் இரண்டு பேர், ட்ரெய்னிங்குக்கு ஒரு மாதம் முன்னாலேயே பணம் என்று முடிவு செய்திருக்கிறோம். டூரிசம் பிள்ளைக்குத் தனியாக என் சம்பளத்திலிருந்து பஸ் பாஸ் எடுத்துத் தருகிறேன். இன்னொன்று கேட்கணும். அண்ணனின் கத்தி இன்னும் துண்டில் சுற்றியபடி பீரோவில் இருக்கிறது. அதையும் கொடுக்கலாமா, பழசு என்று நினைப்பார்களா?

பழைய கமி:
கொடுங்கள் அக்கா. சாணை பிடித்துக் கொடுங்கள்.