‘டைம்’ என்னும் சொல்லை ஸ்பானிய மாணவர்களுக்கு எப்படி விளக்குவது?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்):
மெக்சிகோ நகரத்து மாணவர்கள் சிலருக்கு இணையவழியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். இங்கே காலை 6.30 மணிக்கு வகுப்பு தொடங்கும்போது அங்கே முந்தைய நாள் மாலை 7 மணி. ‘டைம்’ என்ற சொல்லை எங்கே கண்டாலும் அவர்கள் தங்கள் ஸ்பானிய மொழியின் ‘தியெம்போ’ (காலம்) என்றே பொருள் கொள்வதால், ‘த்ரீ டைம்ஸ்’ என்று நான் சொன்னால் மூன்று காலங்களா என்று திகைக்கிறார்கள். எளிய வழி ஏதேனும் உண்டா?

பதில் (வேலந்தாவளம்):
நம் மொழியிலிருந்தே தொடங்குங்கள். நாம் நேரம், மணி, தடவை என்று பிரிப்பதைப் போலவே அவர்களும் தியெம்போ, ஓரா, பெஸ் என்று பிரிக்கிறார்கள். பிரிக்காமல் ஒரே சொல்லால் ஒப்பேற்றுவது ஆங்கிலம்தான். ‘ஹவ் மச் டைம்’ என்றால் தியெம்போ, ‘ஹவ் மெனி டைம்ஸ்’ என்றால் பெஸ் என்னும் சொல்லின் பன்மை, ‘வாட் டைம்’ என்றால் ஓரா என்று முன்னால் நிற்கும் சொல்லைப் பார்க்கப் பழக்கினால் பாதிக் குழப்பம் தீரும். பெருக்கல் வாய்பாட்டில் வரும் ‘டைம்ஸ்’ மட்டும் இதற்கு அடங்காது. அங்கே அவர்கள் ‘போர்’ என்பார்கள்.

தியெம்போவுக்கு வானிலை என்ற பொருளும், இலக்கணத்தில் வினையின் காலம் என்ற பொருளும் உண்டு. மழைக்காலம், இறந்தகாலம் என்று சொல்லிப் பழகிய நமக்கு இது விந்தையன்று.

பதில் (செங்கோட்டை):
ஒரு சிறு செய்தி. ஸ்பானிய ‘ஓரா’வும் நம் பஞ்சாங்கத்தில் சுக்கிர ஓரை, குரு ஓரை என்று வரும் ஓரையும் ஒரே கிரேக்கச் சொல்லின் வழிவந்தவை; அது அங்கே லத்தீன் வழியாகவும் இங்கே சமஸ்கிருதம் வழியாகவும் வந்து சேர்ந்தது. ஓரை பார்த்துப் புறப்படும் வீட்டில் வளர்ந்தவருக்கு இந்த ஒரு சொல் மறக்கவே மறக்காது.

பதில் (சித்தூர், பாலக்காடு மாவட்டம்):
உங்கள் மாணவர்களின் திகைப்பு நமக்குப் புதிதன்று. மலையாளத்தில் ‘மூன்னு தவண’ என்றால் மூன்று தடவை. தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினரோ கடனுக்கு மூன்று தவணை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ‘ஹேவ் எ குட் டைம்’ என்ற தொடரை இன்று காலை சொல்லிப் பார்த்தேன். அதற்கு அவர்கள் தந்த ‘பாசார்லா பியென்’ என்னும் தொடரில் தியெம்போவே இல்லை; நன்றாகக் கழிப்பது என்றுதான் பொருள். நாமும் பொழுதைக் கழிக்கத்தானே செய்கிறோம்!