24 மொழிகளில் ஒரு நாடாளுமன்றம் எவ்வாறு இயங்குகிறது?

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்:
வணக்கம். மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் எனப் பல மொழிகளோடு கோலாலம்பூரில் வாழும் நமக்கே ஒரு பொதுக்கூட்டத்தை நடத்துவது கடினமாக இருக்க, ஐரோப்பிய நாடாளுமன்றம் 24 அலுவல் மொழிகளில் எவ்வாறு விவாதிக்கிறது?

பட்டர்வொர்த் ஆசிரியர்:
ஐயா, 24 மொழிகளுக்கிடையே 552 மொழிபெயர்ப்புத் திசைகள் உண்டு. மால்டிய மொழியிலிருந்து எஸ்தோனிய மொழிக்கு நேரடியாகப் பெயர்ப்பவர் அரிது என்பதால், அப்பேச்சை ஒருவர் முதலில் ஆங்கிலம் போன்ற பெருமொழிக்கு மாற்ற, அதைக் கேட்டு ஏனையோர் தத்தம் மொழியில் உடனுக்குடன் வழங்குகிறார்கள்.

ஜார்ஜ்டவுன் வாசகி:
அயர்லாந்தின் ஐரிய மொழி 2007-இல் அலுவல் மொழியாகியும், மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறையால் 2022-இல்தான் முழுப் பயன்பாட்டுக்கு வந்தது. ஸ்பெயினின் கட்டலோனியா பகுதியில் பல இலட்சம் பேர் பேசும் கட்டலான் மொழி இன்னும் வெளியே நிற்பது எனக்கு மிகுந்த வருத்தமளிக்கிறது.

பட்டர்வொர்த் ஆசிரியர்:
உண்மைதான் அம்மா, ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடுகள் அனைத்தும் ஒருமனதாக இசைந்தால் மட்டுமே புதிய மொழியைச் சேர்க்க முடியும்.