விறகு பிளக்கும் எந்திரம்: கைனடிக், ஹைட்ராலிக் இரண்டுக்கும் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு,

விறகு பிளக்கும் எந்திரங்கள் இரண்டுக்குமாக ஒரே கையேடு மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'இரண்டில் எதை வாங்குவது' என்றே ஓர் அத்தியாயம் இருப்பதால் பெயரைப் பார்த்ததும் வேறுபாடு தெரிய வேண்டும். வரைவில் 'இயக்க ஆற்றல் விறகுபிளப்பி', 'நீரியல் விறகுபிளப்பி' என்று போட்டிருக்கிறேன். இரண்டும் மனசுக்கு ஒட்டவில்லை.

கைனடிக்கில் எஞ்சின் ஒரு கனத்த சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். நெம்புகோலை இழுத்தால் ஒரு பற்சட்டம் அந்தச் சுழற்சியைப் பிடித்துக்கொண்டு பாய்ந்து, கட்டையை ஆப்பின்மேல் மோதவிடும். இரண்டு மூன்று நொடியில் வேலை முடிந்துவிடும். ஹைட்ராலிக்கில் பம்பு எண்ணெயை உருளைக்குள் செலுத்த, தண்டு மெதுவாக வந்து கட்டையை ஆப்பில் அழுத்தும். போய்த் திரும்பப் பெரும்பாலும் பத்து முதல் இருபது நொடி ஆகும்.

அவசரம். உதவுங்கள்.

---

அம்மா, 'நீரியல்' மட்டும் வேண்டவே வேண்டாம். ஆறு, மழை, நிலத்தடி நீர் பற்றிய படிப்புக்கு அந்தப் பெயர் போய்விட்டது. அதைவிடப் பெரிய ஆபத்து, தொட்டியில் ஊற்ற வேண்டியது எண்ணெய். பெயரிலேயே நீர் இருந்தால் யாராவது தண்ணீரை ஊற்றுவார்கள். பம்பு கெடும், உருளை துருப்பிடிக்கும். 'நீர்மம்' என்று திருத்தினாலும் அவசரமாகப் படிப்பவர் கண்ணில் முதல் இரண்டு எழுத்துதான் விழும். 'பாய்மம்' என்றால் வாயுவும் அதில் அடங்கிவிடும். 'எண்ணெயழுத்த' என்று போடலாம்.

'இயக்க ஆற்றல்' பாடநூலில் சரியான சொல். ஆனால் 'இயக்கப் பிளப்பி' என்று சுருங்கியதும் கையால் இல்லாமல் எந்திரத்தால் இயங்குவது என்றுதான் பொருள்படும். அப்படிப் பார்த்தால் இரண்டும் அதுதானே?

---

ஐயாவுக்கு வணக்கம். அடியிலிருந்து தொடங்குவோம். 'பிளப்பி' என்பதே எனக்கு நெருடுகிறது. வி, பி இரண்டும் பிறவினை விகுதிகள் என்பது நன்னூல். 'பிளப்பி' என்றால் 'பிறரைக் கொண்டு பிளக்கச் செய்' என்ற ஏவல் ஆகாதா? இங்கே பெயர்ச்சொல் அல்லவா வேண்டும்?

பழைய வினை ஒன்று நம்மிடம் கிடக்கிறது: போழ். போழ்தல் என்றால் பிளத்தல். 'போழி' என்று இரண்டே எழுத்தில் கருவி முடிந்துவிடும். பொழுதுக்கு 'போழ்து' என்ற வடிவும் உண்டு. நாளைப் பகல், இரவு என்று போழ்ந்து காட்டுவதால்தான் அந்தப் பெயர் வந்தது என்பது என் துணிபு. காலத்தைப் பிளந்த வேர் கட்டையைப் பிளக்காதா? கூடவே, சக்கரம் வடசொல். 'ஆழி' இருக்கிறது. ஆழிப்போழி, நெய்ப்போழி. எவ்வளவு செறிவு!

---

ஐயா மன்னிக்க வேண்டும். இணைப்பி, தொகுப்பி எல்லாம் தொழிற்பெயரோடு இகரம் சேர்ந்து புழக்கத்தில் நிலைத்துவிட்ட கருவிப் பெயர்கள். இணைப்பு, இணைப்பி, பிளப்பு, பிளப்பி. வள்ளுவர் சினத்துக்கு வைத்த 'சேர்ந்தாரைக்கொல்லி'யிலும் இதே இகரம்தான் செய்பவரைக் காட்டுகிறது. பாக்குவெட்டி கருவி, விறகுவெட்டி ஆள், இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. (வரைவில் ஓரிடத்தில் 'விறகுப்பிளப்பி' என்று இருக்கிறது. விறகைப் பிளப்பது இரண்டாம் வேற்றுமைத் தொகை, வலி மிகாது.)

'ஆழிப்போழி'யை வாசிப்பவர் கடலைப் பிளக்கும் ஏதோ ஒன்று என்று நினைப்பார். பொழுது பற்றிய உங்கள் கருத்தைத் தனி இழையில் பேசுவோம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

---

இலங்கைப் பாடநூல் வழி வந்தவன் ஒரு சொல் சொல்லலாமா? நாங்கள் படித்தது இயக்கச் சக்தி. உங்களுடைய அழுத்தம் எங்களுக்கு அமுக்கம். உங்களுடைய நிறை எங்களுக்குத் திணிவு. எங்களுடைய நிறை உங்களுக்கு எடை. சக்கரத்தின் 'நிறை' என்று கையேட்டில் வந்தால் இரு பக்கமும் வேறு வேறாக விளங்கிக்கொள்வோம். பெயர்களை வினையிலிருந்து எடுத்தால் இந்தச் சிக்கல் குறையும். மோது, தள்ளு, அழுத்து எல்லாருக்கும் ஒன்றுதான்.

---

நான் இரண்டு எந்திரத்திலும் வேலை பார்த்தவன். இலக்கணம் அவ்வளவாக வராது.

'சக்கரப் பிளப்பி' என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். இழுத்துப்போக இரண்டுக்குமே அடியில் சக்கரம் இருக்கிறது.

வாங்குபவருக்கு முதலில் தெரிய வேண்டியது கட்டையின் குணம். நேராக நார் ஓடுகிற, காய்ந்த கட்டை நிறைய இருந்தால் கைனடிக்தான் வேகம். கணுவும் முறுக்குமாக இருந்தால் சட்டம் பாதியில் நின்றுவிடும். சட்டத்தைப் பின்னே விட்டு, சக்கரம் மறுபடி வேகம் எடுக்கும்வரை பொறுத்து, இன்னொரு தடவை மோதவிட வேண்டும். அதே கட்டையோடு விடாமல் மல்லுக்கட்டினால் பற்கள் தேயும். ஹைட்ராலிக் அப்படி நிற்காது. எதிர்ப்பு கூடினால் இரட்டை நிலைப் பம்பு தானாகக் குறைந்த ஓட்டம், கூடுதல் அழுத்தம் என்று மாறிக்கொள்ளும். வேகம் குறையும், ஆனால் தள்ளிக்கொண்டே இருக்கும். கணு முறுகுவது காதில் கேட்கும். நடுவில் கையை எடுத்தால் தண்டு நின்றுவிடும். அதற்குப் பதிலாக எண்ணெய், வடிகட்டி, குழாய்க் கசிவு என்று பராமரிப்பு இருக்கிறது. கடுங்குளிரில் எண்ணெய் கெட்டியாகித் தொடக்கத்தில் மந்தமாக ஓடும்.

ஒன்று மோதிப் பிளக்கிறது, இன்னொன்று அழுத்திப் பிளக்கிறது. 'மோதுபிளப்பி', 'அழுத்துபிளப்பி' போதாதா?

---

இவர் சொன்னதைப் படித்ததும் நல்வழி நினைவுக்கு வந்தது. 'நெட்டிருப்புப் பாரைக்கு நெக்குவிடாப் பாறை, பசுமரத்தின் வேருக்கு நெக்குவிடும்.' நெக்குவிடுவது என்றால் பிளவுபடுவது. கடப்பாரை மோதுகிறது, வேர் அழுத்துகிறது. ஔவை வன்சொல், இன்சொல் பற்றிச் சொன்னது நம் அத்தியாயத்துக்கு அப்படியே பொருந்துகிறது. வினைத்தொகையாக வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. என் வாக்கு இதற்கே.

---

வினைத்தொகை சரி. இயற்பியல் பக்கம் ஒன்றை மறந்துவிட வேண்டாம். இரண்டின் மேலும் 'இத்தனை டன்' என்று அச்சடித்து விற்கிறார்கள். ஹைட்ராலிக்கில் அது நேர்க்கணக்கு: அழுத்தத்தைப் பரப்பால் பெருக்க வேண்டும். 4 அங்குல விட்டமுள்ள உருளையில் சதுர அங்குலத்துக்கு 3000 பவுண்டு என்றால் ஏறத்தாழ 37,700 பவுண்டு, அதாவது சுமார் 17 மெட்ரிக் டன். கைனடிக்கில் அப்படி ஒரே எண் கிடையாது. சக்கரத்தில் இருப்பது ஆற்றல். எவ்வளவு குறைந்த தூரத்தில் அது செலவாகிறதோ, அந்தக் கணத்து விசை அவ்வளவு கூடும். சுழல்வேகம் பாதியானால் ஆற்றல் கால்பங்காகிவிடும். மோதி நின்றதும் காத்திருக்கச் சொல்வது அதனால்தான். இரண்டு எந்திரங்களின் டன் எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள். சொல் எதுவானாலும் இது வேண்டும்.

---

எல்லாருக்கும் நன்றி. வேறு வழியில்லை, முடிவெடுத்துவிட்டேன். தலைப்பில் மோதுபிளப்பி, அழுத்துபிளப்பி. முதல் தடவை வருமிடத்தில் மட்டும் பக்கத்திலேயே கைனடிக், ஹைட்ராலிக் என்று தமிழ் எழுத்தில் இருக்கும். கடையில் அப்படித்தானே கேட்பார்கள்? 'நிறை' என்று ஓரிடத்திலும் இல்லை. 'கனம்' என்று எழுதிவிட்டேன். எண்ணெய்த் தொட்டி, எண்ணெய்ப் பம்பு என்று எல்லா இடத்திலும் எண்ணெயை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறேன். டன் எச்சரிக்கையும் சேர்த்தாயிற்று.

---

பெரும்பான்மைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் 'போழி'யைக் கையேட்டின் சொற்பட்டியலிலாவது சேர்க்கலாம். அடுத்த தலைமுறை ஒருநாள் எடுத்துக்கொள்ளும்.

---

என் மறுப்பையும் பதிவு செய்துகொள்ளுங்கள். 'மோது' கடைசிக் கணத்தை மட்டும்தான் சொல்கிறது. இந்த எந்திரத்தின் சாரம் ஆற்றலைச் சக்கரத்தில் சேர்த்து வைப்பது. எஞ்சினை அணைத்த பிறகும் சக்கரம் கொஞ்ச நேரம் சுழன்றுகொண்டுதான் இருக்கும், அப்போது நெம்புகோல் பட்டாலும் சட்டம் பாயும். அந்த ஆபத்து 'மோதுபிளப்பி' என்ற பெயரில் தெரியவில்லை. அதனால் எச்சரிக்கைப் பக்கத்தில் 'எஞ்சினை நிறுத்தியபின்' என்று இருப்பதை 'சக்கரம் முழுதாக நின்றபின்' என்று வெள்ளிக்கிழமைக்குள் மாற்றிவிடுங்கள். பெயரை அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்வோம்.