செயின்ட் ஹெலினா – அசென்ஷன்: விமானத் தூரமும் பயண நேரமும்

கேள்வி – தீவுப்பயணி

தென் அட்லாண்டிக்கிலுள்ள செயின்ட் ஹெலினா விமான நிலையத்திலிருந்து அசென்ஷன் தீவின் வைட்அவேக் விமானத்தளம் ஏறத்தாழ 1,300 கி.மீ. தொலைவில் உள்ளது என்று தூரம் கணிக்கும் தளங்கள் எல்லாமே சொல்கின்றன. பறக்கும் நேரத்தை மட்டும் ஒரு தளம் ஒன்றரை மணி என்றும், மற்றொன்று இரண்டு மணிக்கு மேல் என்றும் காட்டுகிறது. எதை நம்பித் திட்டமிடுவது? இரு தீவுகளுக்கும் கடிகார நேரம் ஒன்றுதானா?

மறுமொழி – வரைபடப்பிரியர்

தூரம் சரியானது, அதைக் காகிதத்திலேயே சரிபார்த்துவிடலாம். செயின்ட் ஹெலினா தெற்கே சுமார் 16 பாகையிலும் மேற்கே 5.7 பாகையிலும், அசென்ஷன் தெற்கே 8 பாகையிலும் மேற்கே 14.4 பாகையிலும் இருக்கின்றன. அட்சரேகையில் ஒரு பாகை 111 கி.மீ. என்பதால், வடக்கு நோக்கிய தொலைவு ஏறத்தாழ 890 கி.மீ. ஆகிறது. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கி வருவதால், 8.7 பாகை வேறுபாடு அந்தப் பகுதியில் 950 கி.மீ. அளவுக்குச் சுருங்குகிறது. இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாகக் கொண்டு கர்ணத்தைக் கண்டால் 1,300 கி.மீ., அதாவது சுமார் 700 கடல் மைல், கிடைக்கும். பல ஆயிரம் கிலோமீட்டர் தொலைவுக்கு இம்முறை பிழையாகிவிடும். அங்கே பூமியின் வளைவைக் கணக்கில் கொள்ளும் பெருவட்டச் சூத்திரமே வேண்டும்.

தூரத்தை நடுவானில் செல்லும் உச்ச வேகத்தால் வகுத்தால் ஒன்றரை மணி வரும். ஓடுபாதை வரை ஊர்ந்து செல்வதற்கும், மேலேறுவதற்கும், இறங்குவதற்கும் ஆகும் நேரத்தை அது விட்டுவிடுகிறது. எம்ப்ரேயர் 190 போன்ற சிறிய ஜெட் விமானத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி என்று கொள்வதே பொருத்தம். இரு தீவுகளும் கிரீனிச் நேரத்தையே பின்பற்றுவதால் கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை.

மறுமொழி – வான்வழி

மேலே சொன்ன கணக்கை ஏற்கிறேன். ஆனால் இங்கே பயணத்தைத் தீர்மானிப்பது பறக்கும் நேரமன்று. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து செயின்ட் ஹெலினாவுக்கு 2017 அக்டோபரில் தொடங்கிய, ஏர்லிங்க் என்ற தென்னாப்பிரிக்க விமான நிறுவனத்தின் சேவையின் நீட்சியாகவே அசென்ஷனுக்கு விமானம் செல்கிறது. அதுவும் வழக்கமாக மாதத்துக்கு ஒரு முறை அளவில்தான். அதைத் தவறவிட்டால், இரண்டு மணிப் பயணத்துக்காகச் சில வாரங்கள் காத்திருக்க நேரும்.

காற்றையும் கவனியுங்கள். உயரத்தில் இந்த வெப்பமண்டலப் பகுதியில் வலுவான ஜெட் காற்றோட்டம் பொதுவாக இருப்பதில்லை என்பதால், போகும் நேரமும் திரும்பும் நேரமும் பெரிதாக வேறுபடா. தரையருகில் நிலைமை வேறு: தென்கிழக்கிலிருந்து இடையறாது வீசும் காற்று, செயின்ட் ஹெலினாவின் செங்குத்தான பாறைகளில் மோதி, ஓடுபாதையின் ஒரு முனையில் திடீரென வேகமும் திசையும் மாறுகிறது. அந்த நிலையம் திறக்கப்படுவது தாமதமானதற்கும் இதுவே காரணம். இறங்க இயலாதபோது ஒதுங்க அருகில் வேறு நிலையம் இல்லாததால், விமானங்கள் கூடுதல் எரிபொருள் சுமந்தே வருகின்றன. மோசமான வானிலையில் புறப்பாடே தள்ளிப்போகும். எனவே தொடர் விமானத்துக்கு முன் ஓரிரு நாள்களாவது இடைவெளி விடுங்கள்.

தீவுப்பயணி

மிக்க நன்றி. அசென்ஷனில் இறங்க முன் அனுமதி வேண்டுமா?

மறுமொழி – வான்வழி

வேண்டும். வைட்அவேக் ஒரு ராணுவ விமானத்தளம். அத்தீவுக்குள் நுழைய முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். பயணச்சீட்டு வாங்குமுன் அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.