‘சவுண்ட்’: ஒரு சொல்லா, நாலு சொல்லா?

பெயர்ப்புப்பிரியன் கேட்டது:

தமிழாக்கம் செய்யும்போது அடிக்கடி இடறுகிற சொல் ‘சவுண்ட்’. ஒலி என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ‘சவுண்ட் ஸ்லீப்’ சத்தமே இல்லாத தூக்கம். ‘சவுண்ட் அட்வைஸ்’ நல்ல யோசனை. ‘பியூஜெட் சவுண்ட்’ கடல் நீர்ப்பரப்பு. ‘சவுண்டிங் ராக்கெட்’டை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டால் ‘ஒலிக்கும் ராக்கெட்’ என்று வந்து நிற்கிறது. ஒலி என்ற ஒரே வேரிலிருந்து இத்தனையும் எப்படிக் கிளைத்தன? ஒரு வாக்கியத்தைப் பார்த்ததும் எந்தப் பொருள் என்று முடிவு செய்ய ஏதாவது வழி இருக்கிறதா?

---

வேர்ச்சொல்லன்:

கிளைக்கவே இல்லை. நம் ‘ஆறு’ எண்ணாகவும் நதியாகவும் இருப்பது மாதிரி, வெவ்வேறு சொற்கள் காலப்போக்கில் ஒரே உருவத்தில் வந்து நின்றிருக்கின்றன. நல்ல அகராதியில் ‘சவுண்ட்’ ஒரே பதிவாக இருக்காது. தலைச்சொல்லே நான்கைந்து முறை தனித்தனியாக எண்ணிட்டு வரும். ஒரு தலைச்சொல்லுக்குக் கீழே 1, 2, 3 என்று வருபவை ஒரே சொல்லின் பொருள்விரிவு. தலைச்சொல்லே மறுபடி வந்தால் அது வேறு சொல். இந்த எண் வரிசை அகராதிக்கு அகராதி மாறும். அதனால் அகராதியின் பெயரைக் குறிக்காமல் ‘சவுண்ட் 3’ என்று மட்டும் குறிப்பெழுதி வைத்தால் பிறகு உதவாது.

முதலில் ஒலி. லத்தீனில் ‘சோனுஸ்’, பழைய பிரெஞ்சில் ‘சோன்’. அது இங்கிலாந்துக்கு வந்தபோது ‘சூன்’. கவனியுங்கள், கடைசியில் ‘ட்’ இல்லை. இடைக்கால ஆங்கிலத்தின் பிற்பகுதியில் அது ஒட்டிக்கொண்டு, 16ஆம் நூற்றாண்டில் நிலைத்துவிட்டது. ‘ன்’ சொல்லும்போது நாக்கு மேலண்ணத்தில் பதிந்திருக்கும், காற்று மூக்கு வழியாகப் போகும். நாக்கை எடுப்பதற்கு ஒரு நொடி முன்னே மூக்கு வழி அடைபட்டால் தானாகவே ஒரு ‘ட்’ வெடிக்கும். ‘தண்டர்’ என்ற சொல்லில் இருக்கும் ‘ட’வும் இப்படி வந்ததுதான், பழைய ஆங்கிலத்தில் அது ‘துனோர்’, ஜெர்மனில் இன்றும் ‘டோனர்’. ‘ஹோம்வர்ட் பவுண்ட்’ என்பதில் உள்ள ‘பவுண்ட்’ கதையும் இதேதான். சோனிக், சொனாட்டா, ரெசனன்ஸ், யூனிசன் எல்லாம் இந்தச் ‘சோனுஸ்’ குடும்பம். அவற்றில் எதிலும் ‘ன்’ ஒலியை ஒட்டி ‘ட்’ இல்லாததைப் பாருங்கள்.

இரண்டாவது, நலம். இது லத்தீன் வழியே அல்ல. பழைய ஆங்கில ‘யெசுண்ட்’. முன்னொட்டு உதிர்ந்து ‘சுண்ட்’ ஆகி, பிறகு ‘சவுண்ட்’. ஜெர்மனில் ‘கெசுண்ட்’ என்று முன்னொட்டோடு இன்றும் இருக்கிறது. தும்மினால் ஜெர்மானியர் சொல்லும் ‘கெசுண்ட்ஹைட்’ இதுதான். நோயில்லாத உடலில் தொடங்கி, பழுதில்லாத மரக்கட்டை, ஓட்டையில்லாத கப்பல், ஆட்டங்காணாத நிதிநிலை, ஓட்டையில்லாத வாதம் என்று விரிந்தது. ‘சேஃப் அண்ட் சவுண்ட்’, ‘சவுண்ட் மைண்ட்’ எல்லாம் இங்கே. ‘சவுண்ட் ஸ்லீப்’பும் இதுதான்: ஆழ்ந்த தூக்கம் என்று மொழிபெயர்ப்பதால் ஆழத்தோடு சொந்தம் என்று நினைக்க வேண்டாம், உடைபடாத முழுத் தூக்கம் என்பதே கரு.

பேச்சுத் தமிழ் இந்த இரண்டையுமே கடன் வாங்கி வைத்திருக்கிறது என்பது வேடிக்கை. ‘ரொம்ப சவுண்டு விடாதே’ லத்தீன். ‘சவுண்டு பார்ட்டி’ ஜெர்மானியம், அதாவது ஆங்கிலமும் ஜெர்மனும் சேர்ந்த மொழிக்குடும்பம்.

---

கயிறும் ஈயமும்:

மற்ற இரண்டையும் நான் சொல்கிறேன், இரண்டும் தண்ணீர் சம்பந்தப்பட்டவை.

நீரிணை என்ற பொருளுக்கு வேர் பழைய நார்ஸ் மொழியின் ‘சுண்ட்’. நீச்சல் என்றும், இரு கரைகளுக்கு நடுவே உள்ள ஒடுங்கிய கடல் என்றும் அதற்குப் பொருள் உண்டு. ‘ஸ்விம்’ என்ற சொல்லும் இதுவும் ஒரே வேர். டென்மார்க்குக்கும் ஸ்வீடனுக்கும் நடுவில் இருக்கும் ஓரெசுண்ட் பெயரில் அது அப்படியே இருக்கிறது. அந்த வழியாகப் போகும் கப்பல்களிடம் டென்மார்க் 1857 வரை வாங்கிய சுங்கத்துக்கு ஆங்கிலத்தில் ‘சவுண்ட் ட்யூஸ்’ என்று பெயர். இதை ‘ஒலி வரி’ ஆக்கிவிடாதீர்கள்! நியூசிலாந்தின் மில்ஃபர்ட் சவுண்டுக்கு இந்தப் பெயர் பொருந்தவே பொருந்தாது. அது பனியாறு குடைந்த பள்ளத்தில் கடல் புகுந்த இடம், அதாவது ஃபியோர்டு. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஆழம் பார்ப்பது அடுத்தது. பழைய பிரெஞ்சில் ‘சோந்தே’. கப்பலில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி அடி பார்ப்பார்கள். கையால் வீசும் குண்டு 7 முதல் 14 பவுண்ட் எடை. கயிற்றில் 2, 3, 5, 7, 10, 13, 15, 17, 20 ஃபாதம் இடங்களில் அடையாளம் இருக்கும். ஒரு ஃபாதம் 6 அடி. இரண்டுக்கு இரண்டு தோல் கீற்று, மூன்றுக்கு மூன்று, ஐந்துக்கு வெள்ளைத் துணி, ஏழுக்கு சிவப்புத் துணி, பத்துக்கு ஓட்டை போட்ட தோல். வேறு வேறு துணியாக வைத்தது இருட்டில் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ள. குண்டின் அடியில் ஒரு குழி, அதில் கொழுப்பை அடைத்து இறக்கினால் அடிமண் ஒட்டிக்கொண்டு மேலே வரும். மணலா சேறா என்று பார்த்து நங்கூரம் பிடிக்குமா என முடிவு செய்வார்கள்.

இங்கிருந்துதான் உங்கள் ராக்கெட். மேல் வளிமண்டலத்துக்குக் கருவிகளைக் கொண்டுபோய் அளந்துவிட்டு விழுகிற ராக்கெட், தலைகீழ் ஈயக்குண்டு. ‘ஆய்வு ராக்கெட்’ என்று எழுதினால் சரியாக இருக்கும். வானிலை பலூனில் கட்டும் ‘ரேடியோசோண்ட்’ இதே சொல்லின் பிரெஞ்சு உருவம். மருத்துவத்தில் ‘யூடரைன் சவுண்ட்’ என்பது கருப்பையின் நீளத்தை அளக்கும், அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பி. திமிங்கிலம் ‘சவுண்ட்ஸ்’ என்று வந்தால் ஆழத்துக்கு முங்குகிறது, கத்தவில்லை.

எல்லோரும் வழுக்கி விழுகிற இடம் எக்கோ சவுண்டிங். ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கித்தான் ஆழம் கணக்கிடுகிறார்கள்: கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும், 4 நொடியில் எதிரொலி வந்தால் ஆழம் 3000 மீட்டர். கருவி ஒலியால் வேலை செய்வதால் பெயரும் ஒலியிலிருந்து வந்தது என்று நினைப்பார்கள். இல்லை, ‘சவுண்டிங்’ கயிறு காலத்துச் சொல். மாறாக, நீருக்கடியில் ஒலியால் தேடும் ‘சோனார்’ கருவியின் ஆங்கிலப் பெயரில் முதல் இரண்டு எழுத்து ஒலி என்ற ‘சவுண்ட்’டிலிருந்து எடுத்தவை.

---

வேர்ச்சொல்லன்:

ஒரு சேர்க்கை. ஆழம் பார்க்கும் சொல்லின் மூலம் இன்னும் தீராத வழக்கு. ‘அலைக்குக் கீழே’ என்று பொருள்படும் லத்தீன் கூட்டுச்சொல் என்பது ஒரு கட்சி. ஆழம் பார்க்கும் கோலுக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘சுண்ட்யெர்ட்’ என்று இருந்ததைக் காட்டி, நீரிணைச் ‘சுண்ட்’டே பிரெஞ்சுக்குப் போய்த் திரும்பி வந்தது என்பது இன்னொன்று. இரண்டாவது சரியானால் நாலு சொல் மூன்றாகும். அதனால் ‘ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத நாலு சொற்கள்’ என்று அடித்து எழுத வேண்டாம்.

---

பெயர்ப்புப்பிரியன்:

ரொம்ப நன்றி. அப்படியானால் ‘சவுண்ட் அவுட்’ எங்கே சேரும்? ‘சவுண்டிங் போர்டு’, ‘சவுண்ட் அஸ் எ பெல்’ இரண்டும்கூடக் குழப்புகின்றன. பழைய சமையல் குறிப்பு ஒன்றில் காட் மீனின் ‘சவுண்ட்ஸ்’ என்றும் இருந்தது.

---

கயிறும் ஈயமும்:

‘சவுண்ட் அவுட்’ இரண்டு உண்டு, அடுத்து வருவதைப் பாருங்கள். ஆளோ கருத்தோ வந்தால் ஆழம் பார்ப்பது, ‘நாடி பிடித்துப் பார்ப்பது’ என்று எழுதலாம். சொல்லோ எழுத்தோ வந்தால் எழுத்துக்கூட்டி ஒலிப்பது, அது ஒலிக் குடும்பம்.

‘சவுண்டிங் போர்டு’ ஒலிதான். மேடைப் பேச்சு முன்னால் இருப்பவர்களுக்குக் கேட்பதற்காகப் பேசுபவர் தலைக்கு மேல் வைத்த பலகை அது. நம் யோசனையைச் சொல்லிப் பார்க்கும் நண்பர் என்ற பொருள் பிறகு வந்தது.

பொதுவாக: பெயரடையாகவோ ‘அஸ்லீப்’ முன்னாலோ வந்தால் அது ‘நலம்’ என்ற பொருள். ‘சவுண்ட்லி’, ‘சவுண்ட்னெஸ்’ இரண்டும் அதுவே. ஆனால் ‘சவுண்ட் எஞ்சினியர்’, ‘சவுண்ட் வேவ்’ மாதிரி பெயருக்கு முன் ஒட்டி வரும் பெயர்ச்சொல்லைப் பெயரடை என்று எண்ணிவிடக் கூடாது. ‘வெரி’ சேர்த்துப் பாருங்கள், ‘வெரி சவுண்ட் அட்வைஸ்’ நிற்கும், ‘வெரி சவுண்ட் வேவ்’ நிற்காது. ஊர்ப்பெயரோடு பெரிய எழுத்தில் வந்தால் நீரிணை. ‘சவுண்டிங்ஸ்’ என்று பன்மையில் வந்தால் பெரும்பாலும் ஆழம், கடல் வரைபடத்தில் நீர்ப்பரப்பில் சிதறிக் கிடக்கும் எண்களின் பெயரும் அதுதான்.

---

வேர்ச்சொல்லன்:

‘சவுண்ட் அஸ் எ பெல்’ என்பதும் ‘நலம்’ என்ற பொருள்தான். விரிசலில்லாத மணி மாதிரி முழுசாக என்று பொருள். மணி ஒலிக்கும் என்பதால் சிலேடையும் கூடிப்போனது. தர்க்கவியல் நூலை மொழிபெயர்த்தால் மட்டும் கூடுதல் கவனம். ‘வேலிட்’ என்றால் வாதத்தின் வடிவம் சரி, அவ்வளவுதான். ‘சவுண்ட்’ என்றால் வடிவமும் சரி, எடுகோள்கள் எல்லாமும் உண்மை. இரண்டுக்கும் ‘சரியான’ என்றே போட்டால் அந்த அத்தியாயமே குலைந்துவிடும்.

காட் மீனின் ‘சவுண்ட்ஸ்’ நீச்சல்பை. நீச்சல் என்ற பழைய ‘சுண்ட்’ நேராக மீனின் வயிற்றில் தங்கிவிட்டது.